பதினேழாம் வாய்ப்பாடு

பதினேழு, முப்பத்திநாலு, அம்பத்தொண்ணு. வாயை இறுக்க மூடிக்கொண்டு பாக்கியசீலி டீச்சர் உள்ளுக்குள்ளே பதினேழாம் வாய்ப்பாட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். நாக்குக்கு ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து உட்கார்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் அது பாட்டுக்கு விடையை உளறிவிடும், இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லியே ருசி கண்ட பூனை அது. இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாடெல்லாம் தூக்கத்திலேயே ஓடிவிடும், நாக்கு அதையும் சொல்லிக்கொண்டு இதையும் சொல்லிவிடும். பதினேழு என்றால்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும். அறுபத்தெட்டு. போர்டில் அவள் கையெழுத்தில் கேள்வி நின்றது. ஒரே நீளக் கயிறு, அதை வைத்து வேறு வேறு வடிவத்தில் வேலி கட்டினால் உள்ளே கிடைக்கிற இடம் மாறுமா, மாறாதா? கேள்விக்குக் கீழே, கை தூக்கச் சொல்லி எண்ணிப் போட்ட இரண்டு கட்டம். மாறாது என்ற கட்டத்தில் முப்பத்தொன்று. மாறும் என்ற கட்டத்தில் சைபர். எட்டாம் வகுப்புக்கு இன்றைக்கு வந்திருப்பதே மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள்தான். ஒன்று மிச்சமில்லாமல் அத்தனையும் தப்பு, அதுவும் எந்த நாளில் என்றால், கடைசி பெஞ்சில் வட்டாரக் கல்வி அலுவலர் சிவனணைந்தபெருமாள் சார் மடியில் ஆய்வுப் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளில். நேரம் பார்த்துக் காலை வாருவதை இதுகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று முப்பத்திரண்டு. எண்ணி முடித்து இன்னும் இரண்டு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அரை நாள் நின்ற மாதிரி கால் கடுத்தது. சாக்பீஸ் மேஜைமேல், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், தனியாகக் கிடந்தது. பிள்ளைகள் அந்தச் சாக்பீஸையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எண்பத்தஞ்சு. சார் சும்மா வரவில்லை. மொட்டைக் கடுதாசி ஒன்று போயிருக்கிறது. எட்டாப்பு கணக்கு டீச்சர் பாடமே நடத்துததில்ல, கேள்வியக் கேட்டுட்டு மரம் மாதிரி நிக்காவ, பிள்ளையளே படிச்சுக்கிடணும்னா டீச்சர் எதுக்கு. தலைமையாசிரியர் கோயில்பிள்ளை சார் காலையில் அவளை அறைக்குக் கூப்பிட்டு, கடுதாசியை வாசித்துக் காட்டிவிட்டு, மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார். "டீச்சர், இன்னைக்கு ஒரு நாளைக்குப் பழைய மாதிரி நடத்திருங்க. நீங்க கேளுங்க, பிள்ளைய எல்லாம் சேந்து பாட்டு மாதிரி சொல்லட்டும். சார் ரெண்டு டிக்கைப் போட்டுட்டு டீயைக் குடிச்சுட்டுப் போயிருவாவ. இல்லன்னா எட்டாப்பை வேற ஆளுக்குக் குடுன்னு எழுதிருவாவ, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க." தலையாட்டினாளே. எந்த வாயால் மறுத்தாள், மறுக்கவேயில்லை, சரி சார் என்று நல்லபிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வராந்தாவில் நடந்து வந்தாள். வகுப்பு வாசல் வரைக்கும் பழைய மாதிரி நடத்துவதாகத்தான் நினைப்பு. பரப்பளவு சூத்திரத்தை எழுதி, நீளம் பெருக்கல் என்று இழுத்தால் அகலம் டீச்சர் என்று கூரை பறக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள், எத்தனை வருஷம் பார்த்தது. பிறகு என்ன பேய் பிடித்ததோ, உள்ளே வந்ததும் கை தானாகக் கேள்வியை எழுதிச் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டது. இப்போது நிற்கிறாள். எட்டாம் வகுப்பு போய்விடும். போனால் என்ன, மூன்றாம் வகுப்புக்குப் படம் வரைந்து காட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமே என்று நினைக்கப் பார்த்தாள். நினைப்பு அரை வழிக்குமேல் போகவில்லை. இவர்களை விட்டுவிட்டு எங்கே போவது. நூத்திரெண்டு.

மூன்றாவது வரிசையில் சன்னலோரம் இசக்கிப்பிரியா. இந்தக் கூத்துக்கெல்லாம் பிள்ளையார்சுழி போட்டவள் அவள்தான். போன வருஷம் ஏழாம் வகுப்பில் வாயால் கேட்டால் ஒரு கேள்வி தப்பவிடாதவள், பரீட்சைத் தாளில் பதினொரு மார்க் வாங்கியிருந்தாள். கூப்பிட்டு வைத்து, திட்டாமல்தான் கேட்டாள், என்னட்டி, வகுப்புல அவ்வளவு கரெக்டா சொல்லுதே, தாளைக் கண்டா என்ன ஆகுது உனக்கு. அந்தப் பிள்ளை கொஞ்சம்கூடப் பயப்படாமல், மழை வருது டீச்சர் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னது. "பரீட்சையில நீங்க இல்லல்லா டீச்சர். வகுப்புல சரியான விடை வந்துட்டுன்னா நீங்க சாக்பீஸை இடது கைக்கு மாத்துவீங்க. தப்புன்னா மாத்த மாட்டீங்க. நான் ஒவ்வொரு விடையா இழுத்து இழுத்துச் சொல்லுவேன், கை மாறுனதும் நிப்பாட்டிருவேன்." எல்லாருக்கும் தெரியுமாட்டி? "எல்லாருக்கும் தெரியும் டீச்சர். ஆறாப்புலயே பெரிய பிள்ளைய சொல்லிக் குடுத்துருவாவ." அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சமையல்கூடச் செய்யாமல் கண்ணாடி முன்னால் நின்று, கையில் ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு, தன்னையே கேள்வி கேட்டுப் பார்த்தாள். எட்டேழு? அம்பத்தாறு. கை மாறியது. சாக்பீஸ் தன் வீட்டுக்குப் போகிற மாதிரி இடது கைக்குப் போனது. அவளுக்கு அது தெரியவே தெரியாது. அத்தனை வருஷமாக வகுப்பு வகுப்பாக ஊர்ப்பிள்ளைகள் அத்தனை பேரும் உட்கார்ந்து படித்தது பின்னத்தையும் சதவீதத்தையும் இல்லை, பாக்கியசீலியின் இடது கையை. நல்லாசிரியர் விருதுக்கு இரண்டு தடவை பேர் போயிற்றே, அதை நினைத்ததும் காது சுட்டது. இப்போதும் சுடுகிறது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மனுஷருக்குத் தெரிந்தால் என்ன எழுதுவார்.

பதினொன்று முப்பத்திமூன்று. நூத்திப்பத்தொம்பது. சாக்பீஸைக் கீழே வைத்தால் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தாள், பிள்ளைகளைப் பற்றி ஒரு எழவும் தெரியாத நினைப்பு. ஒரே வாரத்தில் கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தப்பென்றால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுகிறாளாம். கண்ணாடியைக் கழற்றினால் புருவம். புருவத்தைப் பிடித்துக் கட்டினால் 'ம்' என்கிற சத்தம், சரிக்கு ஒரு 'ம்', தப்புக்கு ஒரு 'ம்'. போய்க் கடைசியில் நின்றால் அத்தனை கழுத்தும் திரும்பி அவளைப் பார்த்தது. பாவம், அவர்களைச் சொல்லி என்ன, அவள் மட்டும் எப்படிப் படித்தாளாம். ஏழாம் வகுப்பில் தாவீது வாத்தியார் சரியான விடைக்குக் காலாட்டுவதை நிறுத்துவார், அதைப் பார்த்துத்தானே வகுப்பில் முதலாவதாக வந்தாள். அடப்பாவி, அப்படியென்றால் எனக்கே கணக்குத் தெரியுமா தெரியாதா என்று ஒரு நாள் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பி.எட். பரீட்சையில் மாணவர் தாமாகவே கண்டறிந்து கற்றல் என்று நான்கு பக்கம் மணி மணியான கையெழுத்தில் எழுதி எழுபத்தெட்டு மார்க் வாங்கியவள், அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரியைக்கூட அதற்கப்புறம் செய்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வாள், தன் அடுப்பில் கொதித்ததும் அதே சுரைக்காய்தான். பிறகுதான் இந்த வாய்ப்பாட்டு வைத்தியம். உள்ளே கணக்கு ஓடினால் முகம் ஒன்றும் காட்டாது, கல்லு மாதிரி இருக்கும். ஜூனிலிருந்து கல்லாகத்தான் நிற்கிறாள். காலாண்டில் வகுப்புச் சராசரி இரண்டு மார்க் குறைந்தது. இசக்கி பத்தொன்பதுக்கு ஏறினாள், ஜெபின்ராஜ் மூன்று மார்க் இறங்கினான், அவன் அம்மா ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒருவேளை கடுதாசியில் எழுதினது நிஜமோ. சோம்பேறித்தனத்துக்குத்தான் நான் ஒரு நல்ல பேர் வைத்திருக்கிறேனோ. இந்தப் பிள்ளைகள் இந்த அமைதியில் யோசிக்கிறார்கள் என்று யார் கண்டது, சத்துணவுக் கூடத்தில் முட்டை வேகிற வாசம் வருகிறது, முப்பத்தொரு பேரும் முட்டையைத்தான் யோசிக்கிறார்களோ என்னவோ. நூத்திமுப்பத்தாறு.

கடைசி பெஞ்சில் பேனா டக் டக் என்று சத்தம் போட்டது. சார் தொண்டையைச் செருமினார். "டீச்சர்," என்றார், குரலில் கோபமில்லை, பாவப்பட்ட மாதிரிதான் இருந்தது, அதுதான் இன்னும் வலித்தது. "பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் குறிப்பு குடுக்கலாமே." குடுக்கலாம் சார், என்றாள் பாக்கியசீலி. சொன்னாளே தவிர கொடுக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த தைரியம் அவளுக்கே புதுசாக இருந்தது. சார் படிவத்தில் என்னமோ எழுதினார். நீளமாக எழுதினார். போச்சு. ஒரே ஒரு வார்த்தை, சேலை முந்தானையை இடது கைக்கு மாற்றினால்கூடப் போதும், ஜெபின் பிடித்துக்கொள்வான், மாறும் டீச்சர் என்று எழுந்து நிற்பான், வகுப்பே பின்பாட்டுப் பாடும், சார் முகம் மலரும், எட்டாம் வகுப்பு கையை விட்டுப் போகாது. இவ்வளவு சுலபம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நூத்தியம்பத்திமூணு, நூத்தியெழுபது, முடிந்துபோயிற்றே, மறுபடியும் முதலிலிருந்து, பதினேழு. அப்போதுதான் இசக்கிப்பிரியா தன் சடையைப் பிரித்தாள்.

மடித்துக் கட்டின ரெட்டைச் சடையில் வலது பக்கத்துச் சிவப்பு ரிப்பனை உருவிவிட்டாள். சடை அவிழ்ந்து தோளில் விழுந்தது. சார் முன்னால், பாடம் நடக்கிற நேரத்தில், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு. ஏட்டி, சடையைக் கட்டு. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, ஏட்டி என்பதில் பாதி வெளியே வந்து சார் நிமிர்ந்து பார்த்தேவிட்டார், இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுடைய சடையைக் கட்டச் சொல்லியிருப்பாள், கணக்கு நடத்தினதைவிட அது அதிகம் இருக்கும். முப்பத்திநாலு, அம்பத்தொண்ணு, அம்பத்தொண்ணு, அம்பத்தொண்ணு. அடுத்தது வரவில்லை. கண் அந்த ரிப்பனில் மாட்டிக்கொண்டது. இசக்கி யாரையும் பார்க்கவில்லை. சாக்பீஸைப் பார்க்கவில்லை, டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை. ரிப்பனின் இரண்டு நுனியையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள், பல்லால் இறுக்கினாள். பக்கத்தில் இருந்த ரேணுகாவிடம், "விரலக் குடு," என்றாள். "என்னட்டி?" "விரலக் குடுட்டி, ரெண்டு விரலு." நான்கு விரலுக்கு நடுவில் ரிப்பன் ஒரு சதுரமாக விறைத்து நின்றது. இசக்கி தன் விரல்களை அகட்டிக்கொண்டே மெதுவாக ரேணுகாவின் விரல் பக்கம் கொண்டுபோனாள். சதுரம் இளைத்தது. இன்னும் இளைத்தது. நீளவாக்கில் போய், சன்னமாகி, கடைசியில் ரிப்பனும் ரிப்பனும் ஒட்டிக்கொண்டது. இசக்கி அதையே பார்த்தாள். திரும்ப விரித்தாள். திரும்ப ஒட்டினாள். "உள்ள ஒண்ணுமே இல்ல," என்றாள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பாக்கியசீலிக்கு வாய்ப்பாடு மொத்தமும் சிதறிப்போனது.

"ஏ, அது ரிப்பன்," என்றான் ஜெபின்ராஜ் முதல் பெஞ்சிலிருந்து திரும்பி. "கயிறு இல்ல." இசக்கி விடவில்லை. "கயிறுன்னா என்ன, ரிப்பன்னா என்ன. நீளம் அதேதான." ஜெபின் எழுந்தே வந்துவிட்டான். "நீ இழுக்கே. இழுத்தா நீளும்." "நீளல. நீயே பிடி." அவன் பிடித்தான். முதல் ராங்க் வாங்குகிறவன், தப்பென்றால் தாங்கமாட்டான், இரண்டு தடவை விரித்துச் சுருக்கிப் பார்த்துவிட்டு அடிஸ்கேலை எடுத்து வந்து பெஞ்சின்மேல் வைத்து அளந்தான். சதுரமாக வைத்து நான்கு பக்கத்தையும் கூட்டினான், ஒட்டின மாதிரி வைத்தும் கூட்டினான், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கூட்டினான். சுற்றிலும் பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். பெஞ்சு இழுபடுகிற சத்தம், ஏல தள்ளு, மறைக்காதல, எனக்குத் தெரியல. "சுத்தி இருக்கது மாறல," என்றான் ஜெபின் கடைசியில், தொண்டையில் முள் மாட்டின குரலில். "உள்ள இருக்கதுதான் போச்சு." எங்கல போகும், என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள், ஒருத்தன் பதில் இன்னொருத்திக்குப் பிடிக்கவில்லை, அவள் தன் ரிப்பனையும் உருவினாள். மொத்த வகுப்பும் மூன்றாவது பெஞ்சைச் சுற்றிக் குனிந்து நின்றது, பாக்கியசீலிக்கு முதுகுகள்தான் தெரிந்தன. முப்பத்தொரு முதுகு. எண்ணினாள், சரியாக இருந்தது. ஒரு பிள்ளைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது அவள் சிரித்தாலும் அழுதாலும் கண்ணாடியைத் தள்ளினாலும் எவருக்கும் கவலையில்லை, அந்த நினைப்பு வந்ததும் தைரியமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அந்த அறைக்குள் பார்த்ததில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து சார் எழுந்து வந்து கூட்டத்துக்குமேல் எட்டிப் பார்த்தார். படிவம் பெஞ்சிலேயே கிடந்தது. அந்த மனுஷரும் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார்தானே, கை சும்மா இருக்குமா, ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு ஆரம்பித்தார். "அதாவது பிள்ளைகளா, சுற்றளவு மாறாம இருந்தாலும்—" இசக்கிப்பிரியா தலையைத் தூக்காமலே சொன்னாள், "சார், சொல்லிராதீங்க சார்." சார் தூக்கின விரலோடு நின்றார், பிறகு அந்த விரலை மெள்ள மடக்கிக்கொண்டார். பிள்ளைகள் அவரைக் கவனிக்கவே இல்லை, அவர்கள் ஜெபினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் ஜெபின் இப்போது யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டான். "கம்மி ஆக்க முடியும்னா கூட்டவும் முடியும்லா. எப்படி வச்சா உள்ள எல்லாத்தவிட ஜாஸ்தி இடம் வரும்?" போர்டில் அப்படி ஒரு கேள்வி இல்லை. புத்தகத்திலும் இல்லை. பாக்கியசீலி கேட்க நினைத்ததுகூட இல்லை. சதுரம், என்றாள் ரேணுகா. இல்ல, ஆறு மூலை, என்றான் ஒருவன். இசக்கி எழுந்து நேராக மேஜைக்கு வந்து, டீச்சர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனாள். முப்பத்தொன்றைக் குறுக்கே அடித்தாள். சைபரையும் அடித்தாள். பக்கத்தில் மாறும் என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே ஜெபினுடைய கேள்வியை எழுதினாள். ஒரு சடை கட்டியும் ஒரு சடை விரிந்தும் அவள் நின்ற கோலத்தை வேறு எந்த நாளிலும் பாக்கியசீலி பொறுத்திருக்கமாட்டாள். சரியா டீச்சர் என்று ஒரு குரல் வரும் என்று வழக்கப்படி காத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. அந்த முப்பத்தொரு பேரில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

மணி அடித்தது. யாரும் நகரவில்லை. முட்டை வாசம் வகுப்பு முழுக்க வந்து நின்றும் யாரும் நகரவில்லை. சார் கடைசி பெஞ்சுக்குப் போய்ப் படிவத்தை எடுத்தார், நீளமாக எழுதியிருந்ததை ஒரு தடவை வாசித்துவிட்டு அதைக் குறுக்கே அடித்தார், பாக்கியசீலி நின்ற இடத்திலிருந்தே அந்தக் கோடு தெரிந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு முன்னால் வந்தார். "எட்டாப்பு உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்," என்றார். அவள் கும்பிட்டாள். போவார் என்று பார்த்தால் போகவில்லை. கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றினார், அதன் நாடாவை மேஜைமேல் போட்டார், விரலால் தள்ளித் தள்ளிச் சதுரமாக்கினார், ஒரு மூலையை மழுக்கினார், இன்னொரு மூலையை மழுக்கினார், நான்கையும் மழுக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிள்ளைகளுக்குக் கேட்காமல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "டீச்சர், வட்டம்தானே?" கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். புருவத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், இடது கையைக்கூடப் பார்த்த மாதிரி இருந்தது. பாக்கியசீலி டீச்சர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பதினேழு, முப்பத்திநாலு, அம்பத்தொண்ணு, அறுபத்தெட்டு. இசக்கிப்பிரியா சாக்பீஸைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். "வந்து போட்டுப் பாருங்க சார்," என்றாள். சார் வாங்கிக்கொண்டார்.